மாயாவின் கால் அளவு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி இன்னும் ஈரம். சாக்ஸ் இரண்டாவது காலும் முடிந்தது. மஞ்சள் கம்பளி நூல், நாலு ஊசிப் பின்னல். கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் பாசிமணி ஒரு வரிசை, அதற்குக் கீழே வெள்ளை நூலில் பிச்சிப்பூ. பாசி பாதத்துக்கு அடியில் வரக் கூடாது, நடந்தால் குத்தும். குதிகால் திருப்புவதற்குள் இரண்டு தடவை பிரித்தேன். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற எனக்குப் பாசி கோப்பது பழக்கம். பின்னல்தான் போனைப் பார்த்துப் படித்தது.

தம்பி சேது கேட்டது. போலந்தில் அவன் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகளுக்காம். ஐந்து வயது. பிள்ளையின் காலைத் தாளில் வைத்து வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ அனுப்பினான். "அக்கா, விரல் பக்கம் கொஞ்சம் லூசா இருக்கட்டும். இறுக்குனா அவளுக்குப் பிடிக்காது." ஊரான் பிள்ளை மேல் எவ்வளவு அக்கறை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவனோடு வேலை பார்க்கிறவர் லீவு முடிந்து அம்பையிலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அவரிடம் கொடுக்க: சாக்ஸ், முறுக்கு, பருப்புப் பொடி. மறக்காமல் ஜரிகை நூல் வாங்கணும்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில், ஒருவழியாக. கோமதியின் நிச்சயதார்த்த ரவிக்கையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியாயிற்று. பச்சைப் பட்டு. இடது கை முடிந்தது. வருகிற மாதம் நிச்சயம், தையில் கல்யாணம். என் கையாலேயே தம்பி பெண்டாட்டிக்கு.

கோமதி வள்ளியூரிலிருந்து பேசினாள். அங்கே ஆஸ்பத்திரியில் லேப் வேலை. "மதினி, கல்யாணம் முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாவ. ஒண்ணாந்தேதி வேலைய விடுதேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்." குரலில் அவ்வளவு சிரிப்பு.

நவம்பர் 16, ஞாயிறு

எழுத வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சேதுவுக்கு வீடியோ போட்டேன். சாக்ஸ் கிடைத்ததா என்று கேட்கத்தான். சொல்லாமல் போட்டது. அங்கே காலை நேரம்.

எடுத்தது ஒரு சின்னப் பெண். நெற்றியில் முடி விழுந்து, தூக்கக் கண். யாரென்று என்னைப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே இறக்கிக் காலைக் காட்டினாள். மஞ்சள் சாக்ஸ். சிவப்புப் பாசியை விரலால் தடவித் தடவி அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். நானும் சிரித்தேன். விடுமுறை நாள், வீட்டுக்காரர் பிள்ளை விளையாட வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள்: "அப்பா!"

தமிழில். தெளிவாக.

சேது ஈரத் தலையோடு வந்தான். போனில் என்னைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு. இணைப்பு அறுந்தது.

பிள்ளைக்கு எங்கள் அம்மாவின் நெற்றி. அதே அகலம். முதலில் பார்த்தபோதே எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது.

நவம்பர் 17, திங்கள்

சேது கூப்பிட்டான். மாடிக்குப் போய்ப் பேசினேன், அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று.

பெயர் மாயா. அவன் மகள்தான். அவளுடைய அம்மாவும் இவனும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். இரண்டு வருடமாகத் தனித்தனி. பிள்ளை ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

"ஏலே, போன தடவை வந்தப்ப அவளுக்கு மூணு வயசாலே?"

"ஆமாக்கா."

இந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதம் சாப்பிட்டான். மூன்று வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு. ஒரு வார்த்தை இல்லை.

"கோமதிக்குத் தெரியுமா?"

"கல்யாணம் முடியட்டும்க்கா. அங்கன வந்த பொறவு பைய சொல்லிக்கிடலாம். இப்பச் சொன்னா யாரு பொண்ணு குடுப்பா?"

என் தம்பி பேசுகிற பேச்சா. சட்டத்தில் பாதி ரவிக்கை. இரண்டு நாள் தருகிறேன், நீயே கோமதியிடம் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராத என்று அழுதான்.

என் கணவர் உரக்கடை பூட்டி வந்ததும் சொன்னேன். தட்டில் கை அப்படியே நின்றது. "நாம சொல்லுத காரியமா இது, செண்பகம்? அவன் சொல்லட்டும்."

"அந்தப் பிள்ள வேலைய விட்ட பொறவா?"

சாப்பிடாமலே எழுந்து போய்க் கை கழுவினார்.

நவம்பர் 19, புதன்

சேது சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறுக்கா" என்று மெசேஜ்.

அம்மாவிடம் சொன்னேன். அவரை உட்கார வைத்துச் சொன்னேன். மாத்திரை போட்டாச்சா என்று முதலில் கேட்டுக்கொண்டேன், பயத்தில்.

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்தார். பிறகு கேட்டார்:

"சாக்ஸ் அவளுக்குச் சரியா இருந்துச்சாட்டி?"

அதற்குத்தான் நான் அழுதேன். இத்தனை நாள் வராத அழுகை.

கொஞ்சம் கழித்து அம்மாவே: "நாளக் கழிச்சு வள்ளியூர் போவோம். பொண்ணு கேட்டுப் போனது நான். நானே போய்ச் சொல்லணும்."

நவம்பர் 21, வெள்ளி

அம்பையில் ஒரு பஸ், களக்காட்டில் இன்னொன்று. வழியெல்லாம் வயலில் நாற்று.

கோமதியின் அப்பா சந்தோஷமாக எழுந்து வந்தார், நிச்சயத்துக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்று. அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். "எங்களுக்கே இந்த வாரந்தான் தெரியும். மறைச்சது என் மகன்."

அவருக்குப் புரியவே நேரமாயிற்று. "பிள்ளையா? யாருக்குப் பிள்ள?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சத்தம் போட்டார். போட வேண்டியதுதான். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

கோமதி உள்ளிருந்து வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பு, கையில் டிபன் பை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"பிள்ள பேரு என்ன மதினி?"

"மாயா."

"பிள்ள இருக்கது எனக்குப் பெருசில்ல. தெனமும் பேசுனாவ. சாப்பிட்டது, தூங்குனது, எல்லாம் பேசுனாவ. ஒரு நா கூட அந்தப் பேரு வாயில வரலயே." அப்பாவைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம்ப்பா."

அப்புறம் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தாள்.

நவம்பர் 24, திங்கள்

மறுபடி மழை. சேது போனில் கத்தினான். "என் வாழ்க்கையக் கெடுத்துட்ட. நீ ஒரு அக்காவா?" வைத்துவிட்டான். சொந்தக்காரர்கள் போன் ஒன்று மாற்றி ஒன்று. கல்லிடைக்குறிச்சிச் சித்தி: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா கல்யாணம் நல்லபடியா நடந்திருக்குமே." நல்லபடி என்றால் யாருக்கு என்று கேட்டேன். சித்தியும் வைத்துவிட்டார்.

பால் திரிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் பதியணும்.

செய்தது சரிதானா? சரிதான். ஆனாலும் அவன் கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கோமதியின் மெசேஜ். பயந்து பயந்து திறந்தேன்.

"அக்கா, வேலைய விடல. அந்த ரவிக்கையப் பிரிச்சிராதீங்க. என் அளவுக்குத் தச்சதுதானே. எனக்கு வேணும். பொங்கலுக்குப் போட்டுக்கிடுதேன்."

மதினி இல்லை இப்போது. அக்கா.

வலது கை வேலை இன்றே தொடங்கினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னதுதான் சரி" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

சேது வீடியோவில் வந்தான். நான் எடுக்கவில்லை. அம்மா எடுத்தார். முகம் கறுத்து, தாடி. "அம்மா" என்று தொடங்கினான்.

"நீ அந்தக் கோமதிப் பிள்ளைட்ட மன்னிப்புக் கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"கேட்டுட்டு வா. பொறவு எங்கிட்டப் பேசு. இப்ப போன அவகிட்டக் குடு."

"யாருட்டம்மா?"

"என் பேத்திட்ட."

அவன் அழுதுகொண்டே போனைத் திருப்பினான். மாயா. வாயைச் சுற்றிப் பால். அம்மாவை உற்றுப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தார். இருவருக்கும் பேச ஒரு பாஷை இல்லை. அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"ஆச்சி."

பிள்ளை யோசித்தாள்.

"ஆட்சி?"

"ஆச்சி, ஏட்டி. ஆச்சி."