கேபிளைப் பிடுங்கிச் செருகினால்

மார்ச் 3

பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "என் மகன் பஸ் டிரைவர் எழுதுறான்." அவர் பாவம், "எழுதுறாரா? ஓட்டலையா?" என்று கேட்டுவிட்டார். நானே வெளியே போய் விளக்கினேன். வண்டிக்குள் பிரேக், கதவு, விளக்கு எல்லாம் ஒரு ஜோடிக் கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தக் கம்பிக்குப் பெயர் பஸ். அந்தப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் நிரல்தான் டிரைவர். "அப்போ லைசென்ஸ் வேணாம்" என்றார். "வேணும் சார், அது வேற லைசென்ஸ்" என்றேன்.

எங்கள் கம்பெனி விற்கும் பெட்டி, கம்ப்யூட்டரை அந்தக் கம்பியோடு இணைப்பது. அதற்கான பழைய டிரைவர் எல்லோருக்கும் பொதுவான கெர்னலில், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரலில், ஏற்கெனவே இருக்கிறது. புதிய பெட்டி இன்னும் வேகமாகப் பேசும். அதற்கேற்ப டிரைவரைப் புதுப்பித்து இன்று கெர்னல் எழுதுபவர்களின் பொது மடல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். படித்துப் பார்த்து ஏற்கவோ திருப்பவோ வேண்டிய பராமரிப்பாளர், அடுத்த அறையில் இருக்கிறாள். என் மனைவி.

மார்ச் 5

திருப்பிவிட்டாள். உலகமே படிக்கும் இடத்தில். "செய்தி போய்க்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் என்ன ஆகும்? சோதித்தீர்களா?" தீர்களா! மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

சாப்பிடும்போது, "உப்பு வேணுமா?" என்றாள். "அதையும் மெயில்ல கேளு." அம்மாவுக்குத் தாங்கவில்லை. "வீட்டுச் சண்டையை ஊருக்கே போட்டுக் காட்டணுமாடா?"

மார்ச் 6

ஓடுற வண்டியில யார் போய் கேபிளைப் பிடுங்கப்போறா? எனக்குப் புரியல.

மார்ச் 10

ஆம்புலன்ஸ் தயாரிக்கும் பட்டறைக்காரர்கள் எங்கள் பெட்டிக்காகக் காத்திருக்கிறார்கள். கெர்னலின் இந்த வெளியீட்டிலேயே டிரைவர் வந்தாக வேண்டும். முதலாளி கூப்பிட்டு, "தம்பி, வீட்டுக்காரம்மாதானே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார்.

சொல்லித் தொலைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒரு தடவை விட்டுடு. அடுத்ததுல சரி பண்ணிடறேன்." கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "இனிமே நான் இதைப் பார்க்கலைங்க. வேற ஆள் பார்க்கட்டும்."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 12

மடல் குழுவில் அவள் எழுதியது: "இதை எழுதியவர் என் கணவர். வேறொருவர் பரிசீலிப்பதே முறை." அவ்வளவுதான். குறை ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17

இன்னொரு பராமரிப்பாளர் – படத்தில் பெரிய மீசையோடு இருப்பதால் எங்கள் வீட்டில் அவர் மீசைக்காரர் – படித்துவிட்டார். நன்றாக இருக்கிறதாம், வார இறுதியில் சேர்த்துவிடுகிறாராம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நானும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் குத்துகிறது.

மார்ச் 19



பட்டறையில் புதிய பெட்டியை ஓர் ஆம்புலன்ஸில் பொருத்திவிட்டுப் பின்பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். அதன் ஓரம் மாட்டிக் கேபிள் கழன்றது. "ஐயோ, சாரி சார்" என்று அவரே செருகிவிட்டார். எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. பிறகு அவர் ஆக்சிஜன் சிலிண்டரை மூடினார். திரையில் ஆக்சிஜன் அளவு சட்டென்று இறங்கியிருக்க வேண்டும்; அசையவே இல்லை.

"என்ன சார், மூடியாச்சு. ஃபுல்லுன்னு காட்டுதே?"

உள்ளே ஒரு நோயாளி படுத்திருந்தால்? காலி சிலிண்டராக இருந்திருந்தால்?

அங்கேயே படியில் உட்கார்ந்து மடல் குழுவுக்கு எழுதினேன்: "தயவுசெய்து சேர்க்காதீர்கள். முதலில் கேட்கப்பட்ட கேள்வி சரியானது. நான் சோதிக்கவில்லை." அனுப்பிவிட்டுத்தான் முதலாளிக்கு போன் செய்தேன். "என்ன காரியம் பண்ணீங்க தம்பி!" என்று கத்தினார். நடந்ததைச் சொன்னேன். "பட்டறைல நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "நீ கேட்டது நடந்துடுச்சு" என்றேன். 'நான்தான் சொன்னேனே' என்பாள் என்று காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க நிக்குது? காட்டுங்க."

ஏப்ரல் 8

பிடிபட்டது. போய்ச் சேராத செய்திக்கும் 'சேர்ந்தது' என்று பதில் வரும் என என் டிரைவர் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் அளவைக் கேட்கும் அடுத்த செய்தி போகவே இல்லை. திரையில் பழைய எண்ணே நின்றது. கேபிள் கழன்றதும் அந்தக் காத்திருப்பைக் கலைத்துவிட வேண்டும். சில வரிகள்தான். சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "காசு போட்டு வாங்கினதுதானே? ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

இந்த வெளியீடு போனது போனதுதான். ஆனால் பட்டறைக்காரர்கள் அடுத்ததுவரை பொறுக்கிறார்களாம்.

ஜூன் 21

சேர்ந்துவிட்டது! மீசைக்காரர் எடுத்துக்கொண்டார். இந்த டிரைவரை இனி பராமரிப்பவர் என்று என் பெயரையே போட்டுவிட்டார். பிழையைச் சுட்டிக்காட்டியவர் என்ற வரியில் அவள் பெயரை நான் எழுதியிருந்தேன். அம்மாவிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "ரெண்டு பேர் பேரும் சேர்ந்து வந்திருக்கே. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

செப்டம்பர் 14

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அறுவடை இயந்திரம் ஒன்றில் எங்கள் பெட்டியை வைத்திருக்கிறாராம். அதற்காக என் டிரைவரில் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். எங்கேயோ ஒரு வயலில் என் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது!

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இதைச் சேர்க்கலாமா? பார்த்துச் சொல்லேன்" என்றேன்.

"அது உங்க டிரைவருங்க. நீங்கதான் சொல்லணும்."

உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். நல்ல வேலை. ஓரிடத்தில் மட்டும் சந்தேகம். கேள்வியை எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். முதலில் நன்றி சொன்னேன். பிறகு, "சோதித்தீர்களா?" என்று கேட்டேன்.