போதகருக்கு எழுந்த பிள்ளைகள்

குடவாசல், 9.2.1970

அன்புள்ள அப்பாவுக்கு, கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

இங்கே ஒரு சின்ன சங்கதி. போன வாரம் போதகர் பள்ளிக்கூடம் வந்தார். பிள்ளைகள் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பின்னாலேயே மிராசுதார் நுழைந்தார். இவர்கள் தகப்பன்மார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது அவர் முன்னால்தான். ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. டீச்சருக்கும் போதகருக்கும் எழுந்திருக்கணும் என்று மட்டும்தானே நான் பழக்கியிருந்தேன்! அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவருடைய ஆட்கள் என் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள். யாரிடமாவது பெரிய பூட்டு ஒன்று கொடுத்தனுப்புங்கள்; கதவுத் தாழ்ப்பாள் லொடலொடக்கிறது.

"நீயே போய் மன்னிப்புக் கேட்டுடும்மா" என்கிறார் போதகர். அவர் சொல்லைத் தட்டலாமா? நாளைக்குப் போகிறேன். தபால்காரர் காத்திருக்கிறார்.

கூட வருகிறேன் என்று மட்டும் போதகர் சொல்லவில்லை, அப்பா.

உங்கள் மகள்,
ஞானப்பூ