ஈரத்தில் பூசிய சாயம்

அன்புள்ள டீகன்,

நான் நலம் என்று எழுதிவிடுகிறேன், உன் அப்பா நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் குளிர் ஊரில் நீயும் கேலமும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருக்கிறார், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியவை சேர்ந்துவிட்டன, அதனால்தான் கடிதம். இடுப்பு எலும்பு கூடிவிட்டதாம், ஆனால் இனி நடக்க மாட்டார், முதியோர் இல்லத்திலேயே இருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பின்பக்க மரத்தளத்தில் அவர் கால் எப்படி உள்ளே போனது என்று கேட்டாய். ஒரே நாளில் நடந்ததில்லை அது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது நாய்த் தட்டிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தளத்தில் தெளிப்பேனே, நினைவிருக்கிறதா? முத்து முத்தாக நின்றால் பழைய சாயம் இன்னும் ஒரு வருடம் தாங்கும். பலகை குடித்துவிட்டால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு மறுபடி சாயம் பூச வேண்டும். பழைய வீட்டுக்காரர் ஹேடோ சாய டின்னைக் கொண்டுவந்து வைத்துவிடுவார், நானும் அப்பாவும் பூசுவோம். வீடு சிட்னிக்காரன் கைக்குப் போனதும் அது நின்றுபோயிற்று. பலகை வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, ஆணிகளைச் சுற்றிக் கீறல் விடுகிறது, வெறுங்காலில் சிராய் ஏறுகிறது என்று வாடகை ஏஜென்சிக்காரன் ஜேடனுக்குப் படம் எடுத்தே அனுப்பினேன். "சாம்பல் கலர்தான் இப்போ ஃபேஷன் நோலீன், சிட்டில காசு குடுத்து இப்படி ஆக்கிக்கிறாங்க" என்றான். நானே வாங்கிப் பூசிக்கொள்கிறேன் என்றதற்கு, "ஓனரைக் கேக்காம பிரஷ் வெச்சீங்கன்னா முன்பணத்துல கழிச்சுடுவாங்க" என்றான். இரண்டு மழைக்காலம் சாயமில்லாத அந்த வெறும் பலகை தண்ணீரைக் குடித்துக்கொண்டே கிடந்தது. மூன்றாவதில் அப்பா டீக்கோப்பையோடு படிப் பக்கம் போனார், பலகை பிளந்து தொடைவரை உள்ளே போய்விட்டார். அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினார்கள். நான் எழுதிய புகாருக்கு வந்த பதில், வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யுங்கள் என்பது.

இல்லத்துக்கு எதிரிலேயே ஓர் ஒற்றையறை வீடு காலியாக இருந்தது. தெருவைத் தாண்டினால் அப்பா. மத்தியானம் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து என் கையால் டீ கொடுத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடலாம். இப்போதைய ஏஜென்சியின் நற்சான்று வேண்டும் என்றார்கள். ஜேடனைக் கேட்டேன். "தாராளமா தரேன் நோலீன், சனிக்கிழமை வாடகைக்கு வீடு பாக்க ஆளுங்க வர்றப்போ நீங்க மட்டும் கொஞ்சம் கம்முனு இருங்க" என்றான். இருந்துவிடுவது என்றுதான் நானும் முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஒருவன் வந்தான். முந்தின நாள் பெய்த மழையின் ஈரம்கூடப் போகவில்லை. தேய்க்காமல் கழுவாமல் அப்படியே மேலே கரும்பழுப்புச் சாயத்தை அப்பிவிட்டுப் போனான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை வரிசை தெருவரை நின்றது. முதலில் வந்தவர்கள் ஒரு சமோவாத் தீவுக் குடும்பம், இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் தவிட்டா, அவன் மனைவி லோசா, தவழும் வயதில் ஒரு பெண் குழந்தை. ஜேடன் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தளத்தில் கவிழ்த்து, "பாருங்க, ஒரு சொட்டு உள்ள போகுதா?" என்றான். போகவில்லை, முத்து முத்தாக நின்றது. முந்தின நாள் பூசிய சாயத்தின் மேல் வேறெப்படி நிற்கும்? லோசா நம்பிக் குழந்தையைக் கீழே விட்டாள். அது நேராகப் படியை நோக்கித் தவழ்ந்தது. சமையலறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் இருந்த பலகையில் அழுத்தினேன். கேக்கில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. "மேல பூசினது நேத்து, உள்ள அழுகி வருஷக்கணக்காச்சு, இதுக்குப் பக்கத்துலதான் என் புருஷன் கால் உள்ள போய் இடுப்பு ஒடிஞ்சுது" என்றேன். ஜேடன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

போய்விடுவார்கள் என்று நினைத்தேன், டீகன். தவிட்டா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான், பிறகு திரும்பி வரிசையைப் பார்த்தான். அதில் ஒருவரும் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "அவங்களுக்கு வேணாம்னா எங்களுக்குக் குடுங்க, நாங்க பறந்து போய்க்கிறோம்" என்று கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். லோசா சிரிக்கவில்லை. "நாங்க என் அண்ணன் வீட்டு கராஜ்ல படுத்துட்டிருக்கோம் ஆன்ட்டி, எந்தப் பலகை தாங்கும்னு மட்டும் காட்டிடுங்க" என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக மிதித்துக் காட்டினேன். வீடு அவர்களுக்குத்தான் போயிற்று. பலகை மாற்றப்படவில்லை. அந்தச் சிட்னிக்காரன் ஒரு நாளும் அதன்மேல் வெறுங்காலோடு நின்றதில்லை, நிற்கவும் போவதில்லை.

நற்சான்று வரவில்லை, எதிர்வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. நான் இப்போது ராஸ் மாமாவின் கேரவன் வண்டியில் தங்கியிருக்கிறேன். இங்கிருந்து இல்லத்துக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. செய்தது சரியா என்று கேட்காதே. அந்தக் குழந்தையை நினைத்தால் சரி, மத்தியானத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்தால் தப்பு.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, எனக்காக டிக்கெட் எடுத்து ஓடி வராதே. ஒன்றை மட்டும் மறக்காதே. நேற்று அப்பா, "ஆகஸ்ட் வந்துடுச்சே நோலீன், தளத்துக்குப் பூசிட்டியா?" என்று கேட்டார். பூசியாச்சு என்றேன். "ஈரத்துல பூசிடலையே?" என்றார். இல்லை என்றேன். போனில் உன்னைக் கேட்டால், நீயும் இல்லை என்றே சொல்லிவிடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நோலீன்