கூட்டத்துக்கு மேலே உன் கை

எங்கே நின்றாலும் கண்ணுக்குத் தெரிந்த என் மைதிலிக்கு,

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்ல செய்தி இல்லை. நீ இருந்திருந்தால் முதலில் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய், அப்புறம் சிரித்திருப்பாய், அப்புறம் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காபி வாங்கிக் கொடுத்திருப்பாய். நீ இல்லாததால் நடந்த விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நம் கோமதி அக்காவின் அப்பீல் தள்ளுபடியாகிவிட்டது. வக்கீல் வரவில்லை என்று. அந்த வக்கீல், அதாவது நான், அந்தக் கோர்ட் ஹாலுக்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கோமதி அக்காவை உனக்குத் தெரியும், இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கட்டடத்துக்காரர் இடித்துவிட்டு ஃப்ளாட் கட்ட வேண்டும் என்று காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டு ஜெயித்தார். நாம் அப்பீல் போட்டு, அது முடியும்வரை காலி செய்ய வேண்டாம் என்று தடை வாங்கினோம். அப்பீல் போனால் தடையும் போச்சு. இரண்டு கிரைண்டரையும் புருஷன் இல்லாத குடும்பத்தையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா எங்கே போவார்?

போன மாதம் ஒரு சட்டக் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, உண்மையில் அவள் எழுந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் உயரம், "மேடம், குள்ளமா இருந்தா இந்த ஃபீல்டுல மேல வர முடியாதா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, திறமைதான் முக்கியம், உயரமெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று எதையோ சொல்லிவிட்டு இறங்கினேன். வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. மைதிலியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

நான் லா படிக்கிறேன் என்றபோது ரங்கநாதன் தெருக் கடையில் உள்பாவாடைகளை அடுக்கிக்கொண்டே என் அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஏளா, கடையில கைக்கு எட்டலைன்னா ஸ்டூலு போட்டு ஏறிக்கிடலாம். கோர்ட்டுல உனக்கு யாரு ஸ்டூலு போடுவா?" இதை நான் காலேஜில் அழுதுகொண்டே சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்குத்தான் உன்னை முதன்முதலாகத் திட்டினேன். அன்றைக்குத்தான் சிநேகிதிகளும் ஆனோம்.

உனக்கு உன் உயரம் ஒரு தொல்லை. மயிலாப்பூரில் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கதையை நீ சொன்ன விதத்தை யாராலும் சொல்ல முடியாது. "நமஸ்காரம் பண்றச்சே எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருந்ததுடி வடிவு. எழுந்துண்டேன். எழுந்துண்டே இருந்தேன். மாப்பிள்ளையோட அம்மா கழுத்தைப் பிடிச்சுண்டுட்டா." அதற்கப்புறம் உனக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாமென்று விட்டுவிட்டாய். கல்யாணத்துக்கு நீ உயரம் ஜாஸ்தி, கோர்ட்டுக்கு நான் உயரம் கம்மி. இரண்டு பேரையும் கலந்து இரண்டாகப் பிரித்தால் சரியாக இருக்கும் என்று உன் அம்மா சொல்வார்.

இரண்டு பேரும் ஒரே சீனியரிடம் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், என்னை ஆபீஸில் உட்கார்ந்து டிராஃப்ட் போடச் சொன்னார். கட்சிக்காரர்கள் வந்தால் உன்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்பார்கள். யாரும் என்னிடம் குள்ளம் என்று சொன்னதில்லை. "பிரசன்ஸ் வேணும்மா" என்பார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று நான் கேட்டதும் இல்லை.

என்னைவிடக் குள்ளமான பெரிய வக்கீல்கள் நம் கோர்ட்டில் இருக்கிறார்கள்தான். அவர்கள் வாயைத் திறந்துவிட்டால் உயரம் யார் கண்ணிலும் படாது. ஆனால் அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி இருக்கிறது, பெயர் இருக்கிறது, வழி விடுவதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பேச ஆரம்பித்தபிறகு உயரம் ஒன்றும் செய்யாது. பேச ஆரம்பிக்கும் அந்த நிமிஷம் வரைக்கும்தான் பிரச்சினை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நிமிஷத்துக்குத்தான் எனக்கு நீ இருந்தாய். நாம் தனியாக வந்து ஆபீஸ் போட்ட பிறகு, யாரும் சொல்லித்தராமல் நமக்குள் ஒரு பழக்கம் வந்தது. நம் கேஸைக் கூப்பிட்டதும் நீ கேஸ் கட்டை எல்லார் தலைக்கும் மேலே தூக்குவாய். "இருக்கோம், யுவர் ஆனர்!" என்பாய். ஜட்ஜ் நிமிர்ந்து உன்னைப் பார்ப்பார். நீ முன்னால் நடந்து, டக்கென்று ஒரு பக்கம் ஒதுங்குவாய். அந்த இடைவெளியில் நான் வந்து நிற்பேன். பேசுவது நான். புது ஜட்ஜ் யாராவது வந்தால் ஒரு விநாடி முழிப்பார், நீ எங்கே போனாய் என்று.

ஆஸ்பத்திரியில் கட்டில் உனக்குப் போதவில்லை. பாதம் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நான் என் துப்பட்டாவைப் போட்டு மூடுவேன். "இனிமே நீயே கையைத் தூக்கிக்கோடி. எத்தனை நாளைக்குத்தான் என் பின்னாடியே நின்னுண்டிருப்பே?" என்றாய். போடி என்றேன். நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஐஸ் பெட்டியிலும் நீ அடங்கவில்லை. உன் முழங்காலை மடக்கி வைக்கப் பார்த்தார்கள். நான் போட்ட சத்தத்தில் வேறு பெட்டி கொண்டுவந்தார்கள். கோர்ட்டில் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை நான்.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இத்தனை நாளும் சின்னச் சின்னக் கோர்ட்டுகளில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அக்காவின் அப்பீல் வந்த அன்றைக்கு ஏதோ பெரிய கம்பெனி வழக்கு. இரண்டு பக்கமும் சீனியர்கள், அவர்களுக்குப் பின்னால் ஜூனியர்கள், எல்லாரும் ஆஜானுபாகுவான பையன்கள். எனக்கு முன்னால் கறுப்பு முதுகுகள்தான் தெரிந்தன. கோமதி அக்கா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

நம் கேஸைக் கூப்பிட்டார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தேன். உன் கை மேலே போகும் என்று காத்திருந்தேன். மறந்துபோய் இல்லை, மைதிலி, நீ செத்துப்போனது எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை. திரும்பவும் ஒருமுறை கூப்பிட்டார்கள். அப்போது வாயைத் திறந்தேன், முன்னால் நின்றவனின் கவுனுக்குள்தான் பேசினேன் போலிருக்கிறது. "நோ ரெப்ரசன்டேஷன். டிஸ்மிஸ்டு," என்று ஜட்ஜ் சொன்னதும் கேட்டது. அதற்குள் கம்பெனி கேஸ் ஆரம்பித்துவிட்டது.

மறுநாளே கட்டடத்துக்காரரின் ஆட்கள் டேப்பை வைத்துக்கொண்டு கடை வாசலை அளக்க வந்துவிட்டார்கள்.

தள்ளுபடியானதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு மனுப் போட வேண்டும், ஏன் ஆஜராகவில்லை என்று கூடவே சத்தியம் செய்து ஒரு அஃபிடவிட். இது எல்லாருக்கும் நடப்பதுதான், எல்லாரும் எழுதும் காரணமும் ஒன்றுதான். நம் குமாஸ்தா தணிகாசலம் அதை ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார். "இன்னொரு கோர்ட்டுல வாதாடிக்கினு இருந்தீங்கோன்னு போட்டுக்கீறேன் மேடம். அல்லாரும் அதான் போடுவாங்கோ." கோமதி அக்கா கையெழுத்துப் போட வந்தார். நான் படித்துச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா மேடம் இது? நீ அங்கதான நின்னுக்கினு இருந்த? நான் கண்ணால பாத்தனே."

"அக்கா, இப்படி எழுதுறது வழக்கம்."

"வழக்கமாவே இருக்கட்டும். நீ வரலன்னு நான் எப்டி சத்தியம் பண்றது? எனக்காவ வந்தியே நீ."

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஹாலில் என்னைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

உள்ளதை நானே என் பெயரில் எழுதித் தருகிறேன் என்றேன். தணிகாசலம் பதறிவிட்டார். "ஜட்ஜு உங்கள பாக்கலன்னு ஜட்ஜுக்கே எழுதுவீங்களா? கோச்சுக்கினு மனுவத் தூக்கிக் கடாசிட்டார்னா அந்தம்மா நெலம இன்னா ஆவும்?" அவர் பயம் நியாயம்தான். அதோடு இன்னொன்று. என் குள்ளத்தை நானே கோர்ட் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் பல நாளைக்குச் சிரிக்க அது போதும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எனக்கே ஒன்று தெளிவாகிவிட்டது. குள்ளம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நீ.

சனிக்கிழமை வழக்கம்போல் உன் ஆத்துக்குப் போனேன். பார், எனக்கும் உங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. உன் அம்மா நன்றாக இருக்கிறார், முழங்கால் வலி மட்டும் அப்படியே. சமையலறை மேல்தட்டில் நீ எக்காமல் கொள்ளாமல் வைத்த அந்தப் பச்சை டப்பா இன்னும் அங்கேயே இருக்கிறது. அம்மாவும் என் உயரம்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அப்பளமோ வடாமோ, ஏதோ வச்சா. யாருக்கு எட்டறது?" என்றார். ஸ்டூல் அந்த மூலையிலேயேதான் இருக்கிறது. இரண்டு பேரும் அந்த ஸ்டூலைப் பற்றிப் பேசவில்லை. அஃபிடவிட் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அவ பேரை எழுதுடி கொழந்தே. எங்கேயாவது அவ பேர் இருக்கட்டும்," என்றார்.

எழுதினேன். இன்று காலை மனு வந்தது.

இன்றும் கூட்டம்தான். கூப்பிட்டதும் என் கேஸ் கட்டை இரண்டு கையாலும் தூக்கினேன், அது முன்னால் நின்றவரின் காது வரைக்கும்தான் போனது. அதனால் கத்தினேன். "இருக்கேன், யுவர் ஆனர்!" இருக்கோம் என்றுதான் வாயில் வந்தது. மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. முதுகுகள் திரும்பின, வழி விட்டன.

ஜட்ஜ் அஃபிடவிட்டை நிதானமாகப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"எங்கே நின்னுட்டிருந்தீங்க?"

இடத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். அங்கே இப்போதும் யாரோ மறைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"இந்த மைதிலி... உங்ககூட வருவாங்களே, உயரமா?"

"ஆமா, யுவர் ஆனர்."

"நான் அவங்களைத்தான் தேடினேன்," என்றார் அவர். "அன்னைக்கு அந்தக் கேஸைக் கூப்பிட்டப்போ நானும் அந்தக் கையைத்தான் தேடினேன். காணோம்னதும் நீங்க யாரும் வரலைன்னு நினைச்சுட்டேன். இறந்துட்டாங்கன்னு தெரியாதும்மா."

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பீல் திரும்ப வந்துவிட்டது, தடையும் வந்துவிட்டது. கோமதி அக்கா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் நல்லா வருது மேடம் உனக்கு," என்றார். ஜெயிப்போமா என்று தெரியாது. வாதம் இனிமேல்தான். ஆனால் அவர் கிரைண்டர் இன்றைக்கு ஓடுகிறது.

எனக்கு மட்டும் சந்தோஷப்பட வரவில்லை. என்னைப் பார்க்காதவர்கள்கூட உன்னைத் தேடியிருக்கிறார்கள். இனி யாரும் தேட மாட்டார்கள், மைதிலி. இன்றோடு அந்தக் கோர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது.

நீ கேட்டபடி இனிமேல் நானே குரல் கொடுக்கிறேன். எந்தக் கூட்டத்திலும், எந்த முதுகுக்குப் பின்னாலிருந்தும், கட்சிக்காரர் காதில் விழும்படி கொடுக்கிறேன். இது சத்தியம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நீ என்னைத் திட்டக் கூடாது. கேஸைக் கூப்பிட்டதும் முதலில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் முகம் இருந்த உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் கத்துவேன்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் மகள்,
வடிவு