ஆறு நோன்பும் ஒரு கன்னக் கலமும்

மௌலவி,

நேற்றுப் பின்னேரம் நம் பழைய மாணவி ஜெஸீமா வந்திருந்தாள். மக்காவுக்கு உம்றாப் பயணம் போய் வந்த கையோடு ஒரு பெட்டி பேரீச்சம்பழம், சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீர், கூடவே உறையிலிட்ட ஒரு மிஸ்வாக் குச்சி. "இது உங்களுக்கு என்னத்துக்கெண்டு கேக்காதீங்க சேர். மௌலவி சேர் இருந்தா அவருக்குத்தான் குடுத்திருப்பன்" என்றாள்.

அவள் போன பிறகு உறையைக் கிழித்தேன். பச்சை முள்ளங்கியைக் கடித்தாற்போல ஒரு காரமான வாசம். உங்கள் சட்டைப்பையின் வாசம். பல் விளக்குகிற ஒரு வேர்த்துண்டுதான் அது. ஆனால் எனக்குப் பல் ஞாபகம் வரவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் ஊதா நிறத்தில் மிதந்த உங்கள் கன்னம்தான் ஞாபகம் வந்தது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கல்முனைக்குப் பக்கத்து ஊரில் அந்தப் பெண்கள் பாடசாலை. நான் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற விஞ்ஞான ஆசிரியர். நீங்கள் இஸ்லாம் பாட ஆசிரியர். உங்கள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் தோளளவு உயரத்தில் ஓர் அரைச்சுவர். அந்தப் பக்கம் குர்ஆன் ஓதுகிற சத்தம் இந்தப் பக்கம் வரும். நான் உயிர்க்கலத்தைப் பற்றிக் கத்துவது அந்தப் பக்கம் போகும். "சேர், என்ட பிள்ளைகளுக்கு உங்கட இழைமணியும் பாடமாகிட்டு. இனி நீங்க என்ட சூறாவில ரெண்டைப் பாடமாக்கினாச் சரி" என்று ஒருநாள் சுவருக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னீர்கள்.

அந்த வருடம் எங்கள் கையில் ஒன்பது பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நன்றாகச் செய்தவர்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவை எங்கள் பாடசாலையிலேயே தொடங்கினால் படிப்பார்கள். இல்லாவிட்டால் அத்தோடு சரி. மட்டக்களப்பு விடுதிக்கு அனுப்ப எந்த வாப்பாவும் சம்மதிக்கவில்லை. ஜெஸீமாவின் வாப்பா என் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்: "இஞ்ச இருந்தாப் பள்ளிக்கூடம் சேர், இல்லாட்டி வீடு." கல்வி அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வந்து, செய்முறைப் பாடம் நடத்த இங்கே வசதி இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் செய்யத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு. தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். வெங்காயத் தோல் சுலபம். விலங்குக் கலத்துக்கு அவரவர் கன்னம்.

திங்கட்கிழமை ஒத்திகை. அதிபரின் அறையில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்த நுணுக்குக்காட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தேன். சாயத்துக்கு, பாமசியில் வாங்கிய ஊதா மருந்து, வாய்ப்புண்ணுக்குப் பூசுவார்களே அது. கொதிநீரில் போட்டெடுத்த ஐஸ்பழக் குச்சிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

"இடக் கன்னத்தின் உட்பக்கம், மெதுவா. வலிக்காது."

ஒருத்தியும் அசையவில்லை. ஒன்பது தலைகளும் குனிந்திருந்தன.

"என்ன பிள்ளைகள், பயமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூன்று நாளில அதிகாரி வாறார். உங்களுக்கு வாய் திறக்கவே பஞ்சி!"

அரைச்சுவருக்கு மேல் உங்கள் தொப்பி தெரிந்தது. "சேர், பிள்ளைகள் நோன்பு."

"நோன்பா? பெருநாள் முடிஞ்சு போச்சே மௌலவி! உங்கட வீட்டு வட்டிலப்பம் நானும்தானே திண்டன்!"

"அது றமழான் நோன்பு சேர். இது ஆறு நோன்பு. பெருநாளைக்கு அடுத்த நாளில இருந்து பிடிக்கிற. விடுபட்ட நோன்பைப் பிடிக்கிறவங்களும் இரிக்காங்க. அதையெல்லாம் அவங்க உங்களுக்கிட்டச் சொல்லுவாங்களா?"

முக்காட்டுக்குள் ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருடம் இந்த ஊரில் படிப்பித்தும், பெருநாளோடு நோன்பு முடிந்துவிடுகிறது என்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் சுற்றிக்கொண்டு வாசலால் உள்ளே வந்தீர்கள். "ஒண்டும் முழுங்காட்டி நோன்புக்குப் பிழை வராது. மிஸ்வாக் செய்யிறம்தானே? ஆனா லுஹர் தொழுகைக்கு முன்னுக்குச் செய்யணும். உச்சி சாஞ்ச பிறகு நோன்பாளி வாயைத் துலக்கிறது மக்றூஹ்."

"எண்டா? கூடாதா?"

"ஹறாம் இல்ல. ஆனா விரும்பத்தக்கதில்ல. இந்தப் பிள்ளைகள் விரும்பவும் மாட்டாங்க." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பத்து மணி. "இப்ப செய்யலாம். நானும் நோன்புதான். முதல்ல என்டதப் பாருங்க." சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய மிஸ்வாக்கை எடுத்து, இடக் கன்னத்தின் உள்ளே இரண்டு தரம் தேய்த்து, என்னிடம் நீட்டினீர்கள்.

ஒரு துளி தண்ணீர். அதில் குச்சியின் நார் முனையைத் தட்டினேன். ஒரு சொட்டு ஊதா. மேலே மெல்லிய கண்ணாடி மூடி. ஓரத்தில் வழிந்ததை ஒற்றுத்தாளால் எடுத்தேன். யன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணாடியைத் திருப்பினேன். உடனே குனியாமல், கண்வில்லையை இரண்டு தரம் துடைத்தேன். ஏன் என்று உங்களுக்கு மட்டும் பிறகு சொன்னேன். வெங்காயத் தோலைப் பயிற்சிக் கல்லூரியில் பார்த்திருக்கிறேன். கன்னக் கலத்தைப் புத்தகப் படத்தில் மட்டும்தான். அதை வைத்தே ஐந்து வருடம் படிப்பித்துவிட்டேன்.

முதலில் வெறும் மூட்டம். திருகினேன். ஒரு காற்றுக் குமிழ். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், மௌலவி! கிழித்துப் போட்ட பப்படத் துண்டுகள்போல வெளிர் ஊதா வட்டங்கள், சில தனியாக, சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒரு மூலை மடிந்து. ஒவ்வொன்றின் நடுவிலும் கடும் ஊதாவில் ஒரு பொட்டு. கரு! நான் கரும்பலகையில் நூறு தரம் வரைந்த அதே கரு, ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்து என் கண்ணுக்குக் கீழே கிடக்கிறது. நான் கத்திவிட்டேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தீர்கள். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்.

"இது நானா சேர்?"

"நீங்கதான். உங்களில ஒரு துளி."

"இப்பிடி எத்தினை இரிக்கும்?"

"எண்ண ஏலாது மௌலவி. தோல், எலும்பு, ரத்தம், எல்லாமே இதுகள்தான்."

"சுப்ஹானல்லாஹ்" என்றீர்கள். எழும்பவில்லை. உங்கள் வகுப்பு இரைச்சலிட்டது. அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "மௌலவி சேர், எங்களுக்கும் விடுங்க!" என்று பிள்ளைகள் வரிசையில் முண்டினார்கள். அன்று ஒன்பது பேரும் தங்கள் தங்கள் கன்னத்தைப் பார்த்தார்கள், லுஹருக்கு முன்னமே.

வீட்டுக்குப் போகச் சைக்கிளை எடுக்கும்போது என் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஒரு கேள்வி. நான் விடியமுன்ன ஸஹருக்குச் சாப்பிட்ட பிறகு பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் ஒண்டும் இல்ல. அந்தக் கலங்களுக்கும் நோன்பா?"

பின்னேரம் முழுக்கப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மறுநாள் காலை உங்கள் வகுப்பு வாசலுக்கே வந்து சொன்னேன்: இல்லை, மௌலவி, அதுகளுக்கு நோன்பில்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. வீட்டில் நெல்மூட்டை இருந்தால் கடை பூட்டிக் கிடந்தாலும் சோறு வேகும். ஈரல்தான் உடம்பின் நெல்மூட்டை. மிஞ்சிய சீனியை அது சேர்த்து வைத்து, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுகிறது. கலத்துக்குள்ளே இருக்கிற இழைமணிகள்தான் அடுப்பு. நாம் மூச்சில் இழுக்கிற காற்று அங்கேதான் போய்ச் சேருகிறது. நீங்கள் ஓதும்போதும் உறங்கும்போதும் அந்த அடுப்புகள் எரிந்துகொண்டே இருக்கின்றன.

நீங்கள் உங்கள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினீர்கள். "கேட்டீங்களா? நாம நோன்பு பிடிக்கிறதுக்காக அதுகள் நோன்பு பிடிக்காம வேலை செய்யுதுகள்." அதற்குப் பிறகு இருபது வருடம் கலத்தைப் பற்றிப் படிப்பித்தபோதும் இதைவிட நல்ல வசனம் எனக்கு அமையவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே எல்லாம் தயார். அதிகாரி ஒன்பதுக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்பதும் ஆனது, பத்தும் ஆனது. ஊதா காய்ந்துவிட்டது. பிள்ளைகள் கழுவித் துடைத்து மறுபடியும் செய்தார்கள். பதினொன்றரைக்கு மூன்றாம் தரம். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. அது முடிந்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஜீப் வந்தது. வழியில் பழுதாம்.

அதிகாரி அவசரத்தில் இருந்தார். வெங்காயத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "சரி. விலங்குக் கலம்?" காய்ந்துபோன கண்ணாடியில் சாயப் பொருக்குத்தான் இருந்தது. "புதுசா ஒண்டு செய்து காட்டட்டும். பிள்ளைகள் செய்யிறதைப் பார்க்கத்தானே வந்தனான்."

ஜெஸீமா குச்சியை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். 'செய்' என்று நான் ஒரு சொல் சொன்னால் செய்திருப்பாள். அன்றைய நோன்பின் மேல் அவளுக்கு ஒரு குறை கிடந்திருக்கும். 'வேண்டாம்' என்றால் ஒன்பது பேரின் படிப்பும் போகும். கேற்றுக்கு வெளியே அவளுடைய வாப்பா சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பது யன்னலால் தெரிந்தது.

"சேர்." சுவருக்கு மேல் தொப்பி. "நீங்க நோன்பா?"

"இல்ல மௌலவி."

"மறுகா என்ன? வாயைத் திறங்கவன்!"

நாலு நாளாக ஒன்பது பேருடைய கன்னங்களையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எனக்கும் ஒரு வாய் இருப்பது ஞாபகம் வரவில்லை! வகுப்பு குபீரென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கதைத்தே அறியாத ஜெஸீமா, குச்சியை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க சேர். இடக் கன்னத்தின் உட்பக்கம், மெதுவா. வலிக்காது. மிச்சத்தை நாங்க பாக்கம்."

சுரண்டிக் கொடுத்தேன். அவள் தண்ணீரில் தடவினாள். இன்னொருத்தி ஊதா விட்டாள். மற்றவள் காற்றுக் குமிழ் வராமல் மூடியைச் சாய்த்து இறக்கினாள். ஜெஸீமா திருகிப் பிடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "வெங்காயம் செங்கல் அடுக்கின மாதிரி இருந்தது. இது ஏன் கண்டபாட்டில கிடக்கு?"

"வெங்காயத்துக்குக் கலச்சுவர் இருக்கு சேர், மதில் கட்டின வளவு மாதிரி. இதுக்கு மென்சவ்வு மட்டும்தான், கிடுகு வேலி மாதிரி. வளையும், மடியும்."

"நடுவில இருக்கிறது?"

"கரு. எங்கட சேர்ர கரு."

மறுபடியும் சிரிப்பு. "நீங்கள் எல்லாரும் நோன்பெண்டா உங்கட கலங்களுக்கு இப்ப சாப்பாடு?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டார். ஒன்பது குரலும் ஒன்றாக, "ஈரல்ல நெல்மூட்டை இருக்கு சேர்!"

அதிகாரி பாடசாலைப் பதிவுப் புத்தகத்தில் அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கலாம். கேற்றடியில் ஜெஸீமாவின் வாப்பா என்னை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டார். "என்ன மௌலவி, பாஸா?"

"பாஸ். சேர்ர வாயால பாஸ்."

எல்லோரும் போன பிறகு நீங்கள் என் கலத்தையும் ஒருதரம் குனிந்து பார்த்தீர்கள். "இதுதான் சேரா?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "என்டது கொஞ்சம் வடிவு."

அதற்குப் பிறகு வருடாவருடம் கலப் பாடம் தொடங்கும் நாளில், கூப்பிடாமலே மிஸ்வாக்கோடு வந்து நிற்பீர்கள். உங்கள் கன்னக் கலத்தை ஒருதரம் ஓரத்தில் மெழுகு பூசிப் பத்திரப்படுத்தி வைத்தேன். ஒரு பிள்ளை தெரியாமல் கழுவிவிட்டது. நான் ஏசினேன். "போனாப் போகட்டும் சேர், வாய் இஞ்சதானே இரிக்கி" என்றீர்கள். எண்பதுகளின் நடுவில் கலவரங்களால் பாதை சரியில்லாமல் நான் வர முடியாமற்போன கிழமைகளில் என் வகுப்பையும் நீங்கள்தான் பார்த்தீர்கள். யாரிடமோ நீங்கள் கொடுத்தனுப்பிய ஒரு துண்டுக் கடதாசி வந்தது: "இழைமணி முடித்துவிட்டேன். பிழை இருந்தால் வந்து திருத்துங்கள்." வந்து கொப்பிகளைப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் மௌத்துச் செய்தி கேட்டு வந்தபோது, உங்கள் மகன் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் காட்டினார். நான் பார்த்தது அந்த இடக் கன்னத்தை. ஆள் போன பிறகும் உடம்பின் சில கலங்கள் கொஞ்ச நேரம் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்று நான் படிப்பித்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் அதைச் சொல்லத் தவறிவிட்டேன். சொல்லியிருந்தால் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டிருப்பீர்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வேறொரு கேள்வி வருகிறது.

ஜெஸீமா மருத்துவமாதாகி, ஊரில் பாதிப் பேரைத் தன் கையால் ஏந்தி எடுத்தவள். நேற்று அவள் சொன்னாள்: முதல் அழுகை கேட்டவுடன் அவளுக்குள்ளே உங்கள் 'இது நானா' என்ற கேள்விதான் வருமாம், நானும் இப்படி ஒரே ஒரு கலத்தில் தொடங்கினவளா என்று. அவளிடமும் அந்தக் கேள்வி இருக்கிறது. நான் மட்டும் வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் அந்த மிஸ்வாக்கின் நுனியைக் கடித்து நாராக்கி, இடக் கன்னத்தில் இரண்டு தரம் தேய்த்தேன். லுஹர் தாண்டி வெகுநேரம். எனக்குத்தான் மக்றூஹ் இல்லையே. வீட்டில் நுணுக்குக்காட்டி கிடையாது. ஆனாலும் பழைய கண்ணாடித் துண்டொன்றில் தட்டி, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். இருந்தும் அதற்குள்ளே எத்தனை, என்ன வடிவம், நடுவில் என்ன என்று எனக்குத் தெரியும்.

"இது நானா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவி, "ஆரோட கதைக்கிறீங்க?" என்றாள்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.