பன்றிக்குக் கட்டிய கம்பி

ஆடி 9, வெள்ளி. செங்கோட்டை லாட்ஜ்.



மலைச் சைக்கிள் பயணத்தில் இன்று மூன்றாம் நாள். விடியற்காலையில் கிளம்பி அச்சன்புதூர்ப் பக்கம் இறங்கினோம். காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் கைடு முருகன் அண்ணாச்சி சட்டென்று நின்று, "இனிமே உருட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவு அருமையான இறக்கத்தில் உருட்டுவதா? எரிச்சலில் அவரைத் தாண்டி மிதித்தேன்.

"ஏட்டி, நில்லு!"

மூன்று நாளாக என்னை மேடம் என்று அழைத்த மனிதர். பயத்தில் பிரேக்கை அழுத்தினேன். ஒரு முழம் முன்னால், முழங்கால் உயரத்தில், பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி. அதன்மேல் ஒரு காட்டுப்பன்றி செத்துச் சாய்ந்திருந்தது.

"தொட்டுராதீங்க. கரண்டு ஓடுது."

"எந்தப் பாவி கட்டினான்?" என்று கத்தினேன்.

அண்ணாச்சி பன்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வயல்தான் மேடம். நாந்தான் கட்டினேன். விடிஞ்சதும் வீட்டுல அணைச்சிருப்பாங்கன்னு நம்பிட்டேன்."

நாளை கடைசி நாள். காலை ஆறு மணிக்கு மறுபடி அவர் பின்னால்தான் போக வேண்டும்.

அவர் என் உயிரைக் காப்பாற்றினார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.