பூனைக்கு எத்தனை எழுத்து?

ஜூன் 11, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். ஏழாம் வகுப்பில் தமிழ் இலக்கண மதிப்பெண் சரிகிறதாம். என் புதன்கிழமைக் கணினிப் பீரியடைத் தமிழுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். ஜூலை ஐந்தாம் தேதி பெற்றோர் கூட்டத்தில் முடிவு. கணினிக்கு நிரல் எழுதச் சொல்லித்தர வாரத்துக்கு எனக்கு இருப்பதே அந்த ஒரு பீரியடுதான். அதுவும் போனால் அலுவலக அறையில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் அடிக்க வேண்டியதுதான்.

பீரியடைக் கேட்டது யார் என்று விசாரிக்கவே வேண்டாம். தமிழ் டீச்சர். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலி. தினமும் என் ஃபிளாஸ்க்கில் பாதி டீ அவருக்கு.

"ரெண்டு பொத்தான அமுக்கறதுக்கு ஒரு பாடமா டீச்சர்?" என்றார் சிரித்துக்கொண்டே.

சரியான பதில், வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஜூன் 18, புதன்

மானம் போயிற்று.

ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரல். பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களைப் போட்டார்கள், எல்லாம் சரியாக வந்தது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி. வகுப்பே அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடும். அவள் 'பூனை' என்று தமிழில் அடித்தாள். நான்கு எழுத்து என்றது கணினி.

"டீச்சர், பூனைக்கு ரெண்டு எழுத்துதானே?"

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் அவ்வளவுதாம்மா வரும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியலையா, உங்களுக்குத் தெரியலையா?"

வகுப்பு சிரித்தது. "உக்காரு" என்று அதட்டினேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குத்தான் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக இதே பாடம் — ஒரு தடவையாவது தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறேனா? ஏன் தோன்றவில்லை?

ஜூன் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். 'பூ' என்பதைக் கணினி 'ப' தனி, அதன் குறி தனி என்று வைத்துக்கொள்கிறது. 'னை'யும் அப்படியே. ஆக நான்கு. அதன் கணக்கில் அது சரிதான். நாம் எதை எழுத்து என்கிறோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நாம்தானே சொல்ல வேண்டும்!

ஜூன் 25, புதன்

"போன வாரம் எனக்கு விடை தெரியாமத்தான் அதட்டினேன்" என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். கேள்விக்குறி பெரிய மனசு பண்ணித் தலையாட்டினாள்.

பிறகு வேலை சூடு பிடித்தது. தனியாக நிற்க முடியாத குறிகளை எல்லாம் பட்டியல் போட வேண்டும், அவற்றை எண்ணக் கூடாது என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, புள்ளி — பிள்ளைகள் கத்தக் கத்த நான் பலகையில் எழுதினேன். பாதிப் பெயர்கள் எனக்கே மறந்து போயிருந்தன.

பூனை: இரண்டு. அம்மா: மூன்று. கூரை பிய்ந்துவிடும் போல ஒரு கூச்சல்.

கூச்சல் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து தமிழ் டீச்சர் வந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி 'அஃது' என்று அடித்தார்.

இரண்டு.

"மூணு எழுத்து. ஆய்தத்த யாரு முழுங்கினது?"

போச்சு. மூன்று புள்ளியைப் பார்த்ததும், இதுவும் புள்ளிதானே என்று குறிப் பட்டியலில் தள்ளிவிட்டிருக்கிறோம். பிள்ளைகள் மட்டுமா? பலகையில் எழுதியதே நான்தான். அவர் மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். கூட்டத்தில் இதைச் சொல்லி மானத்தை வாங்கப்போகிறார். அழுகை முட்டிக்கொண்டு வருது. எனக்கு ஏன்தான் எல்லாம் இப்படி நடக்குதோ!

ஜூன் 26, வியாழன்

தமிழ் டீச்சர் ஒரு தாள் நிறையச் சொற்கள் எழுதிக்கொண்டு வந்தார், நாற்பது இருக்கும். "இதையெல்லாம் போட்டுப் பாருங்க. எதுலயாவது மாட்டும்." அந்த முகத்தில்தான் என்ன ஒரு ஆசை!

ஜூலை 2, புதன்

ஆய்தத்தைப் பட்டியலிலிருந்து விடுவித்தோம். நாற்பது சொல்லும் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் டீச்சர் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாற்பதாவதற்கு அப்புறம் அவர் முகம் தொங்கிப்போயிற்று, பாவம்.

"சரி, குறிலா நெடிலான்னு சொல்லுமா இது?"

"விதிய நீங்க சொல்லுங்க, நாங்க அத சொல்ல வைக்கறோம்" என்றாள் கேள்விக்குறி.

சொன்னார். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். இலக்கணம் என்றாலே கொட்டாவி விடுகிற கூட்டம், மாத்திரைக்காகச் சண்டை போட்டது! ஒரு விதியை அரைகுறையாகச் சொன்னால் கணினி கேட்காது. அதனால் முழுசாகத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, அவரும்தான்.

பீரியடைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு இருக்காதா?

ஜூலை 5, சனி

ஜெயிச்சாச்சு! வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு, எதிர்காலம், வேலைவாய்ப்பு என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு பத்தி வாசிப்பதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. கேள்விக்குறியின் அப்பா எழுந்தார், மருந்துக்கடை வைத்திருப்பவர்.

"எல்லாப் பிள்ளையுமா டீச்சர் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகப்போகுது? எம்பொண்ணு என் கடையப் பாத்துக்கப்போறா. அவளுக்கு எதுக்கு இது?"

நான் தாளைப் புரட்டினேன். அவர் பக்கத்திலிருந்து கேள்விக்குறியே எழுந்துவிட்டாள்.

"அப்பா, போன வாரம் ஒரு அக்கா இருமல் மருந்து கேட்டாங்கல்ல? அலமாரியிலயே இருந்துச்சு. கம்ப்யூட்டர் இல்லன்னுச்சு, நீங்களும் திரும்பிக்கூடப் பாக்காம இல்லன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. கம்ப்யூட்டர் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்லத் தெரியணும்ப்பா. ஏன் தப்புன்னும் தெரியணும்."

அவருக்குக் காது சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "வீட்லயும் இப்படித்தாங்க. நீங்க சொல்லிக்குடுங்க டீச்சர்" என்று உட்கார்ந்தார்.

நாலு பக்கத்தில் நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை அந்தப் பெண் நாலே வரியில் சொல்லிவிட்டாள். இதற்குத்தானே நிரல் எழுதப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும்! கடைக்குப் போகிறவளுக்கும் வேண்டும், கச்சேரி பண்ணப் போகிறவளுக்கும் வேண்டும்.

அடுத்து தமிழ் டீச்சர் எழுந்தார்.

"பீரியடக் கேட்டது நான்தான். இப்ப வேணாம். மூணு வருஷமா நான் கத்தியும் இவங்க மண்டையில ஏறாத ஆய்தம், ஒரே வாரத்துல ஏறிடுச்சு. வேணும்னா என் பீரியட்ல ஒண்ண கம்ப்யூட்டர் டீச்சருக்குக் குடுங்க."

தலைமையாசிரியை ஆறாம் வகுப்புக்கும் சேர்த்துக் கணினிப் பீரியட் போட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லார் முன்னாலும். வரட்டுமே.

ஜூலை 9, புதன்

ஏழாம் வகுப்பில் முப்பது பேர். கணினி அறைப் பதிவேட்டில் இப்போது முப்பத்தொரு பெயர். கடைசிப் பெயரைத் தமிழ் டீச்சர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். நிரல் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறாராம்.

இன்று ஐந்து நிமிடம் பிந்தித்தான் வந்தார். "எங்களுக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அதுவும் சரிதான். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தாமதம் என்று போட்டேன்.